கர்ட்டனைத் தொட்டது யார்?

— அந்தக் கர்ட்டனைத் தொட்டது யாருன்னு மட்டும் சொல்லிடுங்க தங்கச்சி, நான் பாட்டுக்கு என் வேலையைப் பாத்துட்டுப் போயிடறேன்.

— அண்ணே, மூணாவது தடவையா கேக்கறீங்க. நான் தொடலை. இந்த வீட்டுல இருக்கிறதே நானும் அப்பாவும்தான். அவர் உள்ள தூங்கறார், மெதுவா பேசுங்க.

— சரி, மெதுவாவே கேக்கறேன். யாரு தொட்டது?

— காத்து. போதுமா? படத்தை முடிச்சு தரகருக்கு அனுப்பிடறேன்னு சொல்லிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நிக்கறீங்க. அவர் காலையில இருந்து எனக்கு நாலு போன் பண்ணிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வீட்டை விளம்பரத்துல ஏத்தணுமாம்.

— ஏத்தலாம். யாரு வேணாம்னா? ஆனா ஓட்டைப் படத்தைக் குடுத்தா போட்டோக்காரன்னு எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்சப் பேரும் ரிப்பேர் ஆயிடும். கதையைக் கேளுங்க. முதல்ல இப்படி உட்காருங்க. இந்தச் சக்கர நாற்காலியில என் பையை வெச்சுக்கலாமில்ல?

— வெச்சுக்கோங்க. அப்பா எழுந்திருக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எழுந்திருக்கன்னா, கண்ணு முழிக்க. நான் போய்த் தூக்கி உட்கார வெச்சாத்தான் உண்டு.

— இது உங்க ஹால். ஒரு பக்கம் பெரிய ஜன்னல், வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது. இன்னொரு பக்கம் தூணும் மூலையும், அங்க கும்மிருட்டு. நம்ம கண்ணு ரெண்டையும் சமாளிச்சுடும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது. ஜன்னலுக்கு சரியா வெச்சா ஹால் கறுத்துப் போகும். ஹாலுக்கு சரியா வெச்சா ஜன்னல் வெள்ளையா வெந்து போகும். அதனால ஒரே இடத்துல கேமராவை நட்டு வெச்சு ஏழு படம். முதல் படம் இருட்டு, அப்புறம் ஒண்ணைவிட ஒண்ணு வெளிச்சம். ஏழையும் இந்த சாஃப்ட்வேர்ல போட்டா, எதுல எது நல்லா விழுந்திருக்கோ அதை மட்டும் பொறுக்கி ஒரே படமா சேர்த்துக் குடுக்கும். எச்.டி.ஆர்னு சொல்லுவோம்.

— அதான் சேர்த்தாச்சே. நல்லாத்தானே இருக்கு? ஜன்னல் வழியா காம்பவுண்டு ஓரத்துச் செடிகூடத் தெரியுது. மூலையில ஒட்டடை வேற தெரியுது. அதை எடுத்துடுங்க.

— ஒட்டடை கிடக்கட்டும். ஜன்னலுக்கு வலது பக்கம் பாருங்க.

— கர்ட்டன் ரெண்டா தெரியுது. ஒண்ணு கோணலா, ஒண்ணு நேரா. மேல மேல படிஞ்சிருக்கு.

— அதான் சங்கதி. ஏழு படமும் எடுத்து முடிக்கறதுக்குள்ள ஏதாவது நகர்ந்துட்டா இப்படித்தான் வரும். எங்க தொழில்ல இதுக்குப் பேய்னே பேரு. அதை ஓட்டறதுக்கும் இதுலயே ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா, ஒரு படத்துல இருக்கிறதை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்ததுல நகர்ந்ததை எல்லாம் துடைச்சுப் போட்டுடும்.

— அப்ப ஓட்டிட்டு அனுப்ப வேண்டியதுதானே? அதுக்கா இவ்வளவு தூரம் வண்டியை எடுத்துக்கிட்டு வந்தீங்க?

— ஓட்டத்தான் போனேன். பட்டன் மேல விரலை வெச்சாச்சு. அப்பத்தான் பொறி தட்டிச்சு. காத்து அடிச்சா நேரா இருக்கிற கர்ட்டன் கோணலா போகும். இது கோணலா இருந்தது நேரா ஆகியிருக்கு. கழண்டு தொங்கின கொக்கி கம்பியில ஏறி மாட்டியிருக்கு. எந்தக் காத்து தங்கச்சி கொக்கி மாட்டும்?

— நீங்களே மாட்டிட்டு மறந்திருப்பீங்க.

— நான் எங்க உள்ள இருந்தேன்? அந்த பீரோக் கண்ணாடியில என் உருவம் விழும்னு, டைமரைப் போட்டுட்டு வாசலுக்கு வந்துட்டேனே. படத்துக்கும் படத்துக்கும் நடுவுல பத்து வினாடி விடுவேன், ஸ்டாண்டு ஆடாம அடங்கணும்ல. அந்த நேரம் பூரா உங்ககூடத்தான் பேசிக்கிட்டு நின்னேன். கப்பல் வேலையில இருக்கிற உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றார்னு கேட்டேன். ஆறு மாசம் ஆகும்னீங்க.

— ஆகும். அதுக்கும் கர்ட்டனுக்கும் என்ன சம்பந்தம்?

— ஒரு சம்பந்தமும் இல்லை. போன வருஷமும் ஆறு மாசம்னு சொன்னீங்கன்னு தரகர் சொன்னார், அதான் வாய் தவறி.

— அண்ணே, வேலையைப் பாருங்க.

— பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நாம ரெண்டு பேரும் வாசல்ல. அப்ப ஹால்ல யாரு இருந்தது?

— யாரும் இல்லை.

— அய்யா இருந்தார்.

— அப்பா அந்தத் தூணுக்குப் பின்னாடி நாற்காலியில இருந்தார். அவரைப் போய்க் கணக்குல சேக்கறீங்களே!

— வெளியில தள்ளிக்கிட்டுப் போகலாம்னுதான் நான் சொன்னேன். அவர்தான், வாசல்ல நாலு படி இருக்கு, இறக்கி ஏத்தினா பொண்ணு முதுகு போயிடும், நான் ஓரமா இருந்துக்கறேன்னார். சக்கரம் கொஞ்சம் படத்துல விழும், அப்புறம் அழிச்சுக்கலாம்னு நானும் விட்டுட்டேன்.

— அந்த நாலு படிக்காகத்தான் அண்ணே வீட்டையே விக்கறோம். சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. ஆபரேஷன் பண்ணின டாக்டர் மூணே மாசத்துல நடப்பார்னார். பயிற்சி குடுக்க ஒரு அம்மா வந்தாங்க. காலைத் தரையில ஊன்றதுக்குள்ள முடியலை பாப்பான்னுடுவார். அந்த அம்மாவும் சலிச்சுப்போய் நின்னுட்டாங்க. நான் ஒருத்தியே தினம் நாலு தடவை தூக்கறேன். இப்ப எனக்கு முதுகுல பெல்ட்டு. புது ஃபிளாட்டுல லிஃப்ட் இருக்கு, பாத்ரூம் வரைக்கும் நாற்காலி போகும்.

— அவரே கட்டின வீடுன்னு தரகர் சொன்னார். அய்யாவுக்கு மனசு வந்துதா?

— பதினோரு வருஷம் கட்டினார். ஊர்ல எல்லாருக்கும் ஆறு மாசத்துல வீட்டை முடிச்சுக் குடுக்கிற மேஸ்திரி, சொந்த வீட்டை லீவு நாள்ல மட்டும் கட்டினா அப்படித்தானே ஆகும்? விக்கலாமான்னு பயந்து பயந்து கேட்டேன். கத்துவார்னு பாத்தேன். உனக்கு எது வசதியோ அப்படியே பண்ணு பாப்பான்னு சொல்லிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். கத்தியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

— நானும் பாத்தேன் தங்கச்சி. மத்த வீட்டுப் படத்துல எல்லாம் சாஞ்ச சுவரை நிமிர்த்தறதுக்கே எனக்கு அரை மணி நேரம் போயிடும். இந்த வீட்டுல ஒரு கோடு சாயலை. கை வைக்க இடமே இல்லை.

— போதும் அண்ணே. அழ வெக்காதீங்க. படத்தைக் காட்டுங்க.

— ஏழையும் தனித்தனியா காட்டறேன். அவசரப்படாம பாருங்க. இது முதல் படம்.

— ஒரே இருட்டு. ஜன்னல் மட்டும் தெரியுது. கர்ட்டன் கோணல்தான், ஓரத்துக் கொக்கி கழண்டு தொங்குது.

— இது ரெண்டாவது.

— அதேதான்.

— மூணாவது.

— அதே... இருங்க. தூண் ஓரமா ஏதோ தடிப்பா இருக்கே? போன படத்துல இல்லையே.

— நான் லென்ஸ்ல அழுக்குன்னு நினைச்சு, கேமராவை எடுத்து ரெண்டு தடவை துடைச்சேன்னா பாத்துக்கோங்க. இப்ப இந்தப் பட்டையை வலது பக்கம் இழுக்கறேன். இருட்டா இருக்கிற இடம் மட்டும் வெளுக்கும். என்ன தெரியுது?

— விரலு. தூணைச் சுத்திப் பிடிச்சிருக்கிற விரலு. அய்யோ அண்ணே, பின் கதவுத் தாழ்ப்பாளை நான் போடலையோ? யாரோ உள்ள பூந்திருக்கான்!

— பூந்தவன் பீரோவைத் தொடாம கர்ட்டனை மாட்டிட்டா போவான்? பயப்படாதீங்க. நாலாவதைப் பாருங்க.

— ஆளுதான். ஜன்னலுக்கு நேரா நிக்கறான். வெயிலுக்கு எதிர்ல நிக்கறதால முகம் தெரியலை, கறுப்பா உருவம் மட்டும் தெரியுது.

— அஞ்சாவது. கையைத் தூக்கிக் கொக்கியை மாட்டறார். இந்தப் படம் விழ ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியும் ஆடாம அசையாம நின்னிருக்கார், விளிம்பு எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாருங்க. கால் உறுதியா இருந்தாத்தான் இப்படி விழும்.

— அடுத்ததைப் போடுங்க.

— ஆறாவது. கர்ட்டன் நேரா ஆயிடுச்சு. ரெண்டடி பின்னால வந்து சரியா இருக்கான்னு பாக்கறார்.

— ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கறார்.

— முகமே தெரியலை தங்கச்சி, கண்ணு மூடினது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும் அண்ணே. தலையை இடது பக்கம் சாய்ச்சு, கட்டைவிரலை முன்னால நீட்டிக்கிட்டு. தூக்குக்குண்டு விட்டுச் சுவர் பாக்கறப்ப இப்படித்தான் நிப்பார். மதியச் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போய், இவர் எப்ப திரும்புவார்னு எத்தனை நாள் இந்த முதுகைப் பாத்துக்கிட்டு நின்னிருப்பேன். ஏழாவது படம் எங்க?

— இதோ. இருக்கிறதுலயே வெளிச்சமானது. ஜன்னல் பூரா வெந்து போச்சு, அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா மூலை தெளிவா தெரியும். இங்க பாருங்க.

— நாற்காலி காலி.

— காலி. நடுவுல புகை மாதிரி ஒரு தீத்தல் இருக்கு பாருங்க, அதான் அவர் திரும்பி நடந்து வர்றது. இதை போன்ல சொல்ல மனசு வரலை. பட்டனை அமுக்கியிருந்தா ஒரு நொடியில எல்லாம் போயிருக்கும், படமும் பளிச்சுனு இருந்திருக்கும். அப்புறம் எனக்குத் தூக்கம் வருமா சொல்லுங்க?

— அண்ணே, எங்கப்பா நடக்கறார்.

— ஆமா தங்கச்சி.

— எங்கப்பா நடக்கறார் அண்ணே! நடந்து போய் கொக்கி மாட்டறார்!

— மெதுவா பேசச் சொன்னது நீங்கதான்.

— மெதுவா என்ன மெதுவா! காலையிலகூட அந்த மனுஷனைக் கட்டிலுக்குத் தூக்கினேன். மூச்சு வாங்கி சுவத்துல சாஞ்சு நின்னேன். பாவம் பாப்பா நீ, பாவம் பாப்பா நீன்னு கன்னத்தைத் தடவறார். இருக்கட்டும், இன்னிக்கு எழுந்திருக்கட்டும், நான் கேக்கற கேள்வியில...

— எழுந்துட்டேன் பாப்பா. கேளு.

— அய்யா! பாத்து, பாத்து. நாற்காலி இங்க இருக்கு, என் பை அதுல இருக்கு. நீங்க எப்படி அங்க இருந்து வந்தீங்க?

— சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன் போட்டோக்காரரே. நல்ல சுவரு. கட்டினவன் யோக்கியன்.

— சிரிக்காதீங்க அப்பா. எனக்கு வர்ற கோவத்துக்கு... நிக்காதீங்க, உட்காருங்க. அதுல இல்லை! அந்த நாற்காலியில இனிமே நீங்க உட்காரக் கூடாது. அண்ணே, அந்த மர நாற்காலியை இழுத்துப் போடுங்க.

— மெதுவா, மெதுவா. ஆங், உட்கார்ந்துட்டேன். போட்டோக்காரரே, நீங்க ஏழு படம் எடுப்பீங்கன்னு எனக்கு யாரும் சொல்லலையே? டக்குனு ஒரு சத்தம் கேட்டுது. சரி, எடுத்தாச்சு, இனிமே வந்து அடுத்த படத்துக்கு ஏற்பாடு பண்ணுவார், அதுக்குள்ள மாட்டிடலாம்னு எழுந்தேன்.

— கோணலாத்தான் இருந்துட்டுப் போகட்டுமே அய்யா.

— அது எப்படி? வீட்டை ஊரே பாக்கப் போகுது. கர்ட்டன் தொங்கினா, கட்டினவனே லொடக்குன்னு சொல்ல மாட்டாங்களா?

— எத்தனை நாளாப்பா?

— எது?

— அப்பா!

— எட்டு மாசம் இருக்கும்.

— எட்டு மாசமா? நான் பெல்ட் போட்டே நாலு மாசம் ஆச்சு.

— தெரியும். நீ தூக்கறப்ப நானும் காலை ஊனிப் பாதி பாரத்தைத் தாங்கிக்குவேன். நீ கவனிக்கலை.

— எனக்குப் பழகிப்போச்சுன்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்! கையில பலம் வந்துடுச்சுன்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டேன்.

— அய்யா, தங்கச்சி, நான் கிளம்பட்டுமா? குடும்ப விஷயம்.

— நீங்க நகரக் கூடாது அண்ணே. நீங்க போனா இவரை என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. உங்க போன் அடிக்குது பாருங்க.

— தரகர்தான். படம் எங்கன்னு கேப்பார். என்ன சொல்லட்டும்?

— குடுங்க, நான் பேசறேன்... ஆமா, நான்தான் பேசறேன். படம் வராது. இல்லை, அவர் மேல தப்பு இல்லை. வீட்டை விக்கலை. விலை பிரச்சினை இல்லைங்க. ஆமா, படிதான் பிரச்சினைன்னு நான்தான் சொன்னேன். படி இருக்கட்டும். நாலும் இருக்கட்டும். வெச்சிடறேன்.

— அவசரப்பட்டுட்டே பாப்பா. மறுபடி கூப்பிட்டு சும்மா சொன்னேன்னு சொல்லு. ஃபிளாட்டுக்கே போயிடலாம்.

— நடக்கறவருக்கு எதுக்கு லிஃப்ட்?

— நான் நடக்க முடியாதவனாவே இருந்துட்டுப் போறேனே. உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே நீ தூக்க வேணாம். வெளியில யாருக்கும் தெரிய வேணாம். போட்டோக்காரரே, ஏதோ பட்டன் இருக்குன்னு சொன்னீங்கல்ல, உள்ள இருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அதை அமுக்கிடுங்க.

— அமுக்க மாட்டேன் அய்யா. தொழில் தர்மம் எல்லாம் இல்லை, எனக்கே மனசு வரலை.

— ஏம்ப்பா? என் முதுகை விடுங்க. பதினோரு வருஷம் கட்டின வீட்டை, ஒரு தடவை எழுந்து நின்னிருந்தா காப்பாத்தியிருக்கலாம். வாயைத் திறக்காம விக்க விட்டீங்களே, ஏன்?

— வீடு என்ன, செங்கல்லும் சிமென்ட்டும். இன்னொருத்தன் குடியிருப்பான், நிக்கும். உன் முதுகைப் பாத்துத்தான் சரின்னேன்.

— அதுக்கு எழுந்து நடந்திருக்கலாமே!

— நடந்தா உங்க அத்தை கேப்பா. எதிர்வீட்டுக்காரி கேப்பா. தெருமுனைக் கடைக்காரன்கூடக் கேப்பான்.

— என்ன கேப்பாங்க?

— அப்பாதான் எழுந்துட்டாரே, பொண்ணு ஏன் இன்னும் புருஷன் வீட்டுக்குப் போகாம இங்கயே இருக்குன்னு.

— தங்கச்சி, நான் வாசல்லயாவது நிக்கட்டுமா?

— நில்லுங்க அண்ணே, நீங்களும் கேளுங்க. முதல் ஆளா நீங்க கேட்டுக்கிட்டுப் போய் தரகருக்கும் சொல்லிடுங்க. எனக்கு ஒருத்தர் ஒருத்தரா சொல்லத் தெம்பு இல்லை. கப்பலும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவர் உள்ளூர்லதான் இருக்கார், வேற ஒருத்தியோட. நான் இங்க வந்தப்பவே எல்லாம் முடிஞ்சுபோச்சு. உங்க உடம்பு இருந்த நிலைமையில சொல்ல வாய் வரலைப்பா. அப்புறம் தள்ளித் தள்ளிப் போட்டேன். அப்பாவைப் பாத்துக்கறேன்னு சொல்லிக்கிட்டா என்னை யாரும் எதுவும் கேக்கலை, எனக்கும் அது சௌகரியமா இருந்தது. இனிமே கேக்கட்டும். அத்தை வந்து கேக்கட்டும். என் அப்பா வீட்டுல நான் இருக்கேன், என் இஷ்டம், அவ்வளவுதான்.

— அப்படிச் சொல்லு பாப்பா. இதை நீ சொல்லணும்னுதான் நான் உட்கார்ந்துக்கிட்டே இருந்தேன்.

— உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும்.

— எப்படிப்பா? நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே. கோர்ட்டுல இருந்து வந்தது ஒரே ஒரு கவர். என் பேருக்கு வந்தது. கேட்டுல இருக்கிற தபால் பெட்டியில இருந்து என் கையாலதான் எடுத்தேன். பிரிக்காம, ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.

— எட்டு மாசத்துக்கு முன்னால, உன் பிறந்தநாளன்னிக்கு, நீ குளிச்சிட்டு வந்து பாக்கறப்ப நான் வாசல்ல நிக்கணும்னு, நீ கடைக்குப் போறப்ப எல்லாம் ஒரு மாசமா நடந்து பழகி, நாலு படியையும் இறங்கி கேட்டு வரைக்கும் போயிட்டேன் பாப்பா. தபால்காரர் அதை என் கையிலதான் குடுத்தார், வெளியில இருந்த குடும்பக் கோர்ட் முத்திரையைப் பாத்தேன், பெட்டியில போட்டுட்டு, திரும்பி வந்து நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டேன்.